டிட்டோ சாரின் திருத்தக் கட்டம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் ஸ்விட்ச்சைத் தொடமாட்டார். வாசலைத் தாண்டி இரண்டடி வந்து நிற்பார். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். தலையைக் கொஞ்சம் தூக்கி விளக்கைப் பார்ப்பார். யாராவது ஓடிவந்து தட்டிவிட்டதும், தான் பார்த்த பார்வைக்கே அது எரிந்துவிட்ட மாதிரி நடந்துபோய் உட்காருவார். வீட்டில் இந்த வேலை அவர் மனைவிக்கு. அலுவலகத்தில், கதவுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு. யாருமே இல்லாவிட்டால் புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே தவிர, தலைக்கு மேல் தொங்கும் மின்விசிறியைத் தானே போட்டுக்கொள்ளமாட்டார். ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் மின்சாரம் எந்த வழியாக வரவேண்டும், எவ்வளவு வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று முப்பத்தாறு வருடம் வரைந்து கொடுத்துச் சம்பாதித்த மனிதர் இவர்.

ஒயர்மேனின் மகள் இதை ஏழு வயதிலிருந்து பார்த்து வந்தாள். அந்த வயதில் அது பெரிய மனிதரின் தோரணையாகத் தெரிந்தது. கல்லூரியில் படிக்கும்போது, பாவம், ஷாக் அடித்துவிடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அவரிடமே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் குப்பை கொட்டிய பிறகுதான், பயப்படுகிற அளவுக்குக்கூட அவருக்கு மின்சாரத்தைத் தெரியாது என்பது புரிந்தது. எது நடந்தாலும் அதில் தன் விரல் பட்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் கொள்கை.

அவர் அவளுக்குச் சித்தப்பா. அம்மாவின் தங்கையைக் கட்டியவர். முறைப்படி அவள் அப்பாதான் மூத்த மாப்பிள்ளை. சித்தப்பா அவரை "அண்ணே" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "என்ன ஒயர்மேன், சாப்டாச்சா?" என்பார், வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும். "ஆச்சு சார்" என்பார் அப்பா. சகலைகளில் ஒருவர் இன்னொருவரை "சார்" என்று கூப்பிடும் குடும்பம் அது. அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை என்பதுதான் விசித்திரம். அவளும் நினைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் "சித்தப்பா" என்று வாயெடுத்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் வீட்டுல. இங்க சார்."

"சரி சார்" என்றாள். அப்பாவின் குரல் அப்படியே தன் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

அந்த அலுவலகம் டயர் கடைக்கு மேலே, நாலு மேசைகள் போட்ட ஒரே கூடம். எந்த நேரமும் ரப்பர் வாசனை. சுவரில் அவருடைய பட்டம், உரிமம், யாரோ பொன்னாடை போர்த்தும் புகைப்படம். கட்டடக்காரர்கள் நேரில் அவரைச் சார் என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் டிட்டோ என்பார்கள். பெயருக்குக் காரணம் அவருடைய வரைபடங்களின் ஓரத்தில் இருக்கும் அட்டவணை. எந்த இடத்துக்கு எந்த கேபிள், என்ன கனம், எத்தனை கம்பி என்று வரிசையாக எழுத வேண்டிய இடம். அவர் முதல் வரியை மட்டும் எழுதுவார். கீழே வரிசையாக இரண்டிரண்டு சின்னக் கோடுகள். டிட்டோ, டிட்டோ, டிட்டோ. அந்த முதல் வரியும் அவர் கணக்குப் போட்டு எழுதியதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய முதலாளி ஒரு எண்ணெய் ஆலைக்கு வரைந்த படத்திலிருந்து எடுத்தது. எண்ணெய் ஆலைக்கு வரைந்ததுதான் திருமண மண்டபத்துக்கு, மருத்துவமனைக்கு, பள்ளிக்கூடத்துக்கு. கட்டடம் மாறும், தலைப்பு மாறும், முதல் வரி மாறாது.

"மூத்த பையனுக்குத்தான் பேரு வச்சாரு, ரெண்டாவது பையன் பொறந்தப்ப டிட்டோ போட்டுட்டாரு" என்பார் கம்பி கட்டும் மேஸ்திரி. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார், ஆனால் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துவிட்டு.

வரைபடத்தின் கீழ் மூலையில் இன்னொரு சின்னக் கட்டம் உண்டு. திருத்தக் கட்டம். படத்தில் ஏதாவது மாற்றினால் திருத்த எண், தேதி, காரணம், கையெழுத்து என்று நாலு அறைகளையும் நிரப்ப வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிற ஆளின் படத்தில் அதில் மூன்று நாலு வரியாவது இருக்கும். டிட்டோவின் படங்களில் அது பளிச்சென்று காலியாக இருக்கும். அதில் அவருக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. வருகிற ஆளையெல்லாம் உட்கார வைத்து, படத்தை விரித்து, அந்த மூலையில் விரலால் தட்டுவார்.

"முப்பத்தாறு வருஷம். ஒரு ரிவிஷன் கிடையாது. பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்வார்கள். பார்க்காத விஷயம், திருத்தமெல்லாம் கட்டடத்திலேயே நடந்துவிடும் என்பது. பேனல் கதவு திறந்தால் சுவரில் இடிக்கிற மாதிரி வரைந்திருப்பார். ஒயர்மேன் பேனலைத் திருப்பி வைப்பார். தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே மெயின் போர்டு இருக்கும். ஒயர்மேன் நாலடி தள்ளி வைப்பார். மழைநீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் எர்த் குழி காட்டியிருக்கும். ஒயர்மேன் கட்டடத்தின் அந்தப் பக்கத்தில் தோண்டுவார். யாரிடமும் சொல்லமாட்டார்.

"சார் படத்துல நாங்க கை வைக்கமாட்டோம்மா. கட்டடத்துல மாத்திக்குவோம்" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மகளிடம் சொன்னார். இதில் ஒரு தொழில் ரகசியத்தைப் பகிர்ந்துகொண்ட திருப்திகூட அவர் முகத்தில் இருந்தது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

இப்படியே போயிருந்தால் டிட்டோ தன் காலிக் கட்டத்தோடு நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். கெடுத்துக்கொண்டது அவரேதான்.

விஷயம் ஒரு கேபிளில் இருந்தது. ஆலையில் பெரும்பாலும் மோட்டார்கள் ஓடும். மூன்று ஃபேஸ் கம்பிகளில் போகிற மின்சாரம் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். நியூட்ரல் கம்பியில் திரும்பி வருவது சொற்பம். அதனால் மூன்று முழுக் கம்பிகளோடு, நியூட்ரலுக்குப் பாதிக் கனத்தில் ஒரு கம்பி இருந்தால் போதும். கடைக்காரர்கள் அதை மூணரை கோர் என்பார்கள். கணினிகளும் எல்இடி விளக்குகளும் வேறு ரகம். அவை இழுக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கு சரிக்கட்டிக்கொள்ளாது. மூன்று கம்பியிலிருந்தும் வந்து நியூட்ரலில் சேர்ந்துகொள்ளும். அங்கே நியூட்ரல் பாதியாக இருந்தால் சூடேறும். எண்ணெய் ஆலையின் முதல் வரியில் இருந்தது மூணரை கோர்.

ஒயர்மேனுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. ஆனால் கணினி இருக்கிற இடத்தில் நியூட்ரல் கம்பி சுடும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஒரு பயிற்சி மையத்தில், படத்தில் மூணரை இருந்ததைப் பொருட்படுத்தாமல் நாலும் முழுக் கம்பியாகப் போட்டுவிட்டார். டிட்டோ அன்றைக்கு அதிசயமாகக் கட்டடத்துக்கு வந்திருந்தார். கட்டட உரிமையாளருடன் கார் நிழலில் நின்றவர் கண்ணில் கேபிள் உருளையில் ஒட்டியிருந்த சீட்டு பட்டுவிட்டது.

"படத்துல என்ன இருக்கு?"

"மூணரை, சார்."

"நீ என்ன போட்டிருக்க?"

"நாலு, சார். பூரா கம்ப்யூட்டரா வருதுன்னு..."

"நீ யாரு, டிசைனரா? இவரு சொல்லிட்டாருங்க, நாம இனிமே கடையச் சாத்திட்டுப் போயிடலாம்." உரிமையாளர் சிரித்தார். டிட்டோவுக்கு அது போதவில்லை. "மூளைய வீட்டுல கழட்டி வச்சுட்டு வா, ஒயர்மேன். இங்க கை மட்டும் போதும்."

முப்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி சார்" என்றார் அப்பா.

அடுத்த வேலை ஆறு மாடி அலுவலகக் கட்டடம். இந்தமுறை அவர் முதலிலேயே படத்தை எடுத்துக்கொண்டு டயர் கடை மாடிக்கு வந்தார். மகள் தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாலாவது மாடி, மூணாவது மாடி ரெண்டும் ஃபுல்லா கம்ப்யூட்டர்தான் வைக்கப் போறாங்களாம்."

"நான் டிட்டோ போட்டிருக்கேனா இல்லையா?"

"போட்டிருக்கீங்க சார்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை. ஒயர்மேன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு டிட்டோ படத்தை அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல் கட்டிக் கொடுத்தார்.

ஒன்றரை வருடம் தாங்கியது. ஒரு காலை பதினோரு மணிக்கு நாலாவது மாடியில், கேபிள்கள் மேலேறி வரும் சந்திலிருந்து புகை வந்தது. நியூட்ரல் கருகி அறுந்து, மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி, அறுபது கணினிகளும் ஒரு மாடி விளக்குகளும் மொத்தமாகப் போயின. யாருக்கும் காயமில்லை, ஆட்களைப் படி வழியாக இறக்கிவிட்டார்கள். எரிந்ததற்குக் காரணம் என்னவென்று டிசைனரே எழுதித் தர வேண்டும் என்று கட்டட உரிமையாளர் கேட்டார். டிசைனர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்யச் சொல்லி, வாயால் சொன்னார். மொத்தம் இரண்டு வரி. இணைப்பு தளர்வாக இருந்ததே காரணம். வேலையாளின் கவனக்குறைவு.

லூஸ் கனெக்ஷன். உலகத்தில் எந்தக் கட்டடம் எரிந்தாலும் இந்த இரண்டு வார்த்தைக்குள் அடக்கிவிடலாம். எரிந்த பிறகு எந்த இணைப்புதான் இறுக்கமாக இருக்கும்?

"சார், நாம இன்னும் ஸ்பாட்டுக்கே போய்ப் பாக்கலையே" என்றாள்.

"எரிஞ்சது எரிஞ்சதுதான். போய்ப் பாத்தா ஒட்டிக்குமா?"

"வேலையாள்னா... அப்பாதான் சார்."

"பேரு போடலையே. வேலையாள்னுதானே போட்டிருக்கு? அடி."

அடித்தாள். இதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் மேல் விழுந்த பழியை எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்து, ஓரம் சரிபார்த்து, இரண்டு பிரதி எடுத்தது அவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி.

பத்து நாளில் மின் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் ஒயர்மேன் உரிமம் ரத்து. அப்பாவிடம் உரிமம் என்பது பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சிறு புத்தகம். இருபத்தெட்டு வருடமாகப் புதுப்பித்த முத்திரைகள் அதில் இருந்தன. அது இல்லாமல் அவர் ஒரு பிளக் பாயின்ட்கூடத் தன் பெயரில் போட முடியாது. அந்த வயதில் இனிமேல் யாருக்காவது எடுபிடியாகப் போக வேண்டியதுதான்.

அவளும் அப்பாவும் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். அதே படம், அதே கேபிள், அதே எண்ணிக்கையில் கணினிகள். எரியாமல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா பேனலைத் திறந்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டரின் கவ்விக்குள் விட்டார். மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய அறுபது ஆம்பியர். பாதிக் கனமுள்ள நியூட்ரலில் தொண்ணூற்று நாலு.

"லூஸ் கனெக்ஷன் இல்லப்பா" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? நான் முறுக்கின போல்ட்டக் கழட்ட ரெண்டு ஆளு வேணும்."

ஆய்வாளர் நல்ல மனிதர்தான். அளவுகளைப் பார்த்தார், தலையாட்டினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா இது மூணாவது மாடிக் கணக்கு. எரிஞ்சது நாலாவது மாடி. அங்கே காரணம் லூஸ் கனெக்ஷன்னு டிசைனரே கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இருக்கு. படத்துல தப்பு இருந்துச்சுன்னு அவரே திருத்தம் போட்டுக் குடுத்துட்டா, இவரு மேல எதுவும் வராது. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க."

ஒரு கையெழுத்து. சிறைக்குப் போகச் சொல்லவில்லை, நஷ்டத்தைக் கட்டச் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியோடு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகனிடம் போய் இருக்கப்போகிறவர்தான். இனிமேல் ஒரு வரைபடம்கூட அவர் வரையப்போவதில்லை. அவருக்கு நஷ்டம் என்று ஒன்று இருந்தால், அது அந்தக் காலிக் கட்டம் மட்டும்தான்.

அவளே எல்லாவற்றையும் தயார் செய்தாள். படத்தைத் திருத்தினாள். திருத்தக் கட்டத்தில் எண்: ஒன்று. தேதி. காரணம்: நியூட்ரல் அளவு போதாது, முழு அளவாக மாற்றப்பட்டது. கையெழுத்து அறையை மட்டும் விட்டுவைத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு போனபோது மேசைகளெல்லாம் காலியாகியிருந்தன. சுவரில் பட்டம் மாட்டியிருந்த இடம் மட்டும் சுற்றியிருந்த சுவரைவிட வெளுப்பாகத் தெரிந்தது. அவர் நடுக்கூடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்வையாக நின்றிருந்தார். தலை மேலே தூக்கியிருந்தது.

"வாம்மா. அந்த ஃபேனப் போடு."

போட்டாள். கை தானாகப் போயிற்று.

அவர் உட்கார்ந்து படத்தைப் பிரித்தார். காரணம் என்ற அறையை நெடுநேரம் படித்தார். இரண்டே வரிதான்.

"போதாதுன்னு எழுதிருக்க."

"ஆமா சார். போதல."

"முப்பத்தாறு வருஷமாப் போதுமா இருந்துச்சு."

"அது எண்ணெய் மில்லு சார்."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. "ஒரு ரிவிஷன் கிடையாதுன்னு ஊரு பூராச் சொல்லிருக்கேனேம்மா" என்றார், பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி.

"அப்பா உரிமம் போயிடும், சித்தப்பா."

அலுவலகத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் திருத்தவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்தார். அவளுடைய அனுபவச் சான்றிதழ். மூன்று வருடம் திறம்படப் பணியாற்றினார். அது இல்லாமல் அவள் எந்தக் காலத்திலும் டிசைனர் உரிமத்துக்கு மனுப் போட முடியாது. இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் திறந்து, அதில் அழகாக, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது உனக்கு. அத வச்சுட்டுப் போ. நிதானமாப் படிச்சுப் பாத்து, நாளைக்குப் போட்டு வைக்கறேன்."

பேனா திறந்தேதான் இருந்தது. இரண்டு தாள்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இதையும் போடுங்கள், போட்டால்தான் அதை எடுப்பேன் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சான்றிதழை எடுத்து, மடங்காமல் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்" என்றும் சொன்னாள். படியிறங்கும்போது கீழே டயர் கடைக்காரர் "என்னம்மா, சாருக்கு சென்ட் ஆஃபா?" என்று கேட்டதற்குச் சிரித்தும் வைத்தாள். சித்தப்பாவை எத்தனை கேவலமாக நினைக்கிறாளோ, அந்தப் படிக்கட்டை நினைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு அவளுக்கும் வந்து சேர்கிறது. அது சரிக்கட்டிக்கொள்வதில்லை.

மறுநாள் அவள் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அவர் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருந்தார். படம் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது, காய்ந்த பூச்சாடிக்கு அடியில். கையெழுத்து அறை வெறுமையாக இருந்தது. "அவசரத்துல மறந்துட்டாருடி" என்றாள் சித்தி. சித்தி இரண்டு மாதம் கழித்துப் போவதாக இருந்தது. "போன் பண்ணிக் கேளு, சொல்வாரு." என்ன சொல்வார் என்று சித்தி சொல்லவில்லை.

திங்கட்கிழமை உரிமம் ரத்தாயிற்று. அப்பா அந்தச் சிறு புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி ஆய்வாளரிடம் கொடுத்தார். உறையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. மகளுக்கு இப்போது உரிமம் இருக்கிறது. அவள் வரைகிற படங்களில் திருத்தக் கட்டம் நிரம்பி வழிகிறது. இடம் போதாமல் தனித் தாள் ஒட்டுகிறாள். டிட்டோ போடுவதில்லை. ஒவ்வொரு வரியையும் எழுதுகிறாள், அது ஒன்றேயானாலும். அப்பா தன்னைவிட இருபது வயது சின்னவனான ஒரு ஒயர்மேனிடம் கூலிக்குப் போகிறார். அந்த ஆள் அவரைச் "சார்" என்கிறான். அது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாதத்துக்கு ஒருமுறை சித்தப்பா வீடியோவில் வருவார். குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டை, கொஞ்சம் சதை. போன வாரம் வந்தபோது பாதி முகம் இருட்டில் இருந்தது. "ஏம்மா, அந்த லைட்டப் போடு" என்று மருமகளைக் கூப்பிட்டார். எங்கிருந்தோ ஒரு கை வந்து போட்டது. முகம் தெரிந்தது.

"என்ன ஒயர்மேன், சாப்டாச்சா?"

"ஆச்சு சார்" என்றார் அப்பா.

அவள் போனை வாங்கினாள். "சித்தப்பா, அந்தப் படம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. கூரியர்ல அனுப்பறேன். போட்டு அனுப்பினா இப்பக்கூட மேல்முறையீடு பண்ணலாம்னு சொல்றாங்க."

"எந்தப் படம்?"

"நாலாவது மாடி."

"ஆங்... அனுப்பு, அனுப்பு. பாக்கறேன்." பிறகு குரல் சரியாகக் கேட்கவில்லை என்றார். இவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

"விடும்மா. அவருக்கு ஸ்விட்ச்சத் தொடவே வேர்க்கும். பேனா எங்க எடுக்கப்போறாரு?" என்றார் அப்பா. இத்தனை வருடத்தில் அவர் தன் சகலையைக் குறை சொன்ன ஒரே பேச்சு அது.

அவள் ஒரு பிரதியை அனுப்பினாள். இதற்கு முன்னும் இரண்டு தடவை அனுப்பியிருக்கிறாள், திருப்பி அனுப்ப வேண்டிய உறையோடு சேர்த்து. மூலப் படம் அவள் மேசை இழுப்பறையில் தட்டையாகக் கிடக்கிறது. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது. நாலாவது அறையில் அவள் கையெழுத்துச் செல்லாது, அப்பாவின் கையெழுத்தும் செல்லாது. வரைந்தவர்தான் போட வேண்டும். அவர் இன்னும் போடவில்லை.